பி பிளாக்கின் கண்ணாடிகள்

பி பிளாக்கில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்கிற வழக்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "கண்ணாடி எப்படி இருக்கு?" என்பதுதான் இப்போது குசலம். "அதுபாட்டுக்கு இருக்கு" என்பது பதில். குடத்தோடு படியேறுகிறவரும் அப்படித்தான் கேட்பார், வேலைக்கு ஓடுகிறவரும் அப்படித்தான் சொல்லிவிட்டு ஓடுவார். வெளியாள் காதில் விழுந்தால் இந்த ஜனங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். நினைக்கட்டும். தலைக்கு மேல் இருக்கிற மூன்று மாடி நிற்குமா நிற்காதா என்று தெரியாமல் சோறு தின்று பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் அருமை விளங்கும்.

கட்டடம் நகராட்சியுடையது. அதன் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்கள் விட்டிருந்தன. நகராட்சி இன்ஜினியர் வந்து, ஒவ்வொரு வீட்டின் பின்னறையிலும் விரிசலுக்குக் குறுக்காக ஒரு சாண் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்ட் போட்டு அப்பிவிட்டுப் போனார். "சுவர் நகர்ந்தா கண்ணாடி தாங்காது, பட்டுனு விட்டுடும். விட்டா உடனே எனக்குச் சொல்லுங்க. அன்னிக்கே எல்லாரும் காலி பண்ணிடணும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொன்னார். நல்ல மனுஷர், நல்லதைத்தான் சொன்னார். ஆனால் காலி என்கிற வார்த்தையை அந்த வளாகத்தில் வாய் தவறிக்கூட யாரும் சொல்லக்கூடாது. காரணம் ஏ பிளாக்.

ஏ பிளாக் பக்கத்திலேயே இருந்தது. பழசாகிவிட்டது, இடித்துக் கட்டப்போகிறோம், ஒரே வருஷம், புது வீட்டுச் சாவியை என் கையாலேயே கொடுப்பேன் என்று நகராட்சித் தலைவர் மேடை போட்டுச் சொன்னார். ஜனங்கள் கை தட்டிவிட்டு மூட்டை முடிச்சோடு ஊருக்கு வெளியே இருந்த தகரக் கொட்டகைகளுக்குப் போனார்கள். கட்டடத்தை இடித்தார்கள். அதில் மட்டும் சுறுசுறுப்புக்குக் குறைச்சலில்லை. பிறகு ஒரு செங்கல் வைக்கப்படவில்லை. நகராட்சியின் குப்பை லாரிகள் அங்கே நிற்க ஆரம்பித்தன. கடைத்தெரு வரப்போகிறது என்று ஒரு பேச்சு, ஏதோ கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. கொட்டகையில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் கொட்டகை ஒன்றில்தான் செகரட்டரியின் தங்கை இருந்தாள். செகரட்டரி என்றால் பெரிய உத்தியோகம் இல்லை. பி பிளாக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர், அவ்வளவுதான். வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், எழுதத் தெரியும், யாருக்கும் பயப்பட மாட்டாள் என்று பேர் வாங்கியிருந்ததால் பதவி தானாக வந்து தலையில் உட்கார்ந்தது. சின்னது பெரியது எல்லோருக்கும் அவள் செகரட்டரியக்கா. தங்கையின் புருஷன் கொட்டகையின் வெக்கையிலும் ஈரத்திலும் இருமி இருமி, சாவியைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அன்றைக்குச் செகரட்டரி தனக்குள் ஒரு சபதம் போட்டுக்கொண்டாள். பி பிளாக்கிலிருந்து ஒரு பாய்கூட வெளியே போகாது.

அதனால்தான், பி பிளாக்கையும் காலி பண்ணச் சொல்லி நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தபோது அவள் அழவில்லை, அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டாள். நம் தலைமேல் நகராட்சி என்றால் நகராட்சியின் தலைமேல் அரசாங்கம் இருக்கிறதே. அவளுடைய வாதம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கட்டடம் நகர்ந்தால் கண்ணாடி உடையும் என்று சொன்னது உங்கள் ஆள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கொட்டித் தீர்த்தும் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பிறகு எதற்குக் காலி? இடத்துக்காகத்தானே? அரசாங்கம் இந்த வாதத்தை மதித்தது. வீட்டுவசதித் துறையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், உத்தரவு நிற்குமா விழுமா என்று அங்கேயே சொல்வார் என்று பதில் வந்தது.

அவர் வருகிற நாள் காலையில் செகரட்டரி சீக்கிரம் எழுந்து வாசல் கூட்டி, பின்னறைக்குப் போய், ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். கோர்ட்டுக்குப் போகிற சாட்சிக்கு முகம் கழுவி விடுகிற மாதிரிதான். துடைத்துக்கொண்டே வந்த கை ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

அந்தக் கண்ணாடியின் ஒரு மூலையில் மெல்லிசாக ஒரு கீறல் இருந்தது. இன்ஜினியர் அறுக்கும்போதே விழுந்தது. "பூனை மீசைம்மா" என்று மகள் பெயர் வைத்திருந்தாள். இப்போது மீசை இல்லை. அவள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். எதிர் மூலையிலும் பார்த்தாள். பிறகு நகத்தால் ஓரத்தைத் தடவினாள். இன்ஜினியர் வைத்தது ஜன்னல் கண்ணாடி, தடிமனானது, ஓரத்தில் பச்சை அடிக்கும். இது மெல்லிசு, ஓரம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. படத்துக்குச் சட்டம் போடுகிற கண்ணாடி. அந்தத் தொழில் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆனவளுக்கு அது தெரியாமல் போகாது.

திரும்பிப் பார்த்தாள். மகளின் கட்டில் எதிர்ச்சுவரோரம் கிடந்தது. மழை பிடித்த சமயத்தில் ஒரு நாள் அவள் வெளியே போய்விட்டு வருவதற்குள் புருஷன் கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். என்னங்க இது என்று கேட்டதற்கு, "சாரல் அடிக்குது, புள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்றார். விரிசல் விட்ட பின்சுவரில் ஜன்னலே கிடையாது. சாரல் எந்த வழியாக வரும் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றாமல் இருந்தாளா, கேட்க வேண்டாம் என்று இருந்தாளா என்று இப்போது அவளாலேயே சொல்ல முடியவில்லை.

அவள் புருஷன் கண்ணாடிக்காரர், கட்டடத்தின் முன்பக்கத்தில் தன் கடையைத் திறந்து வைத்துவிட்டு, மேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தார். வளவளவென்று பேசுகிற மனுஷர் இல்லை. அவள் வந்து நின்ற தினுசைப் பார்த்ததும் துணியை விரிப்பதை நிறுத்திவிட்டார்.

"எப்ப உடைஞ்சது?" என்றாள்.

அவர் பொய் சொல்லப் பார்க்கவில்லை. "மழை பிடிச்ச வாரம். காலைல எழுந்தா ரெண்டா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உன் தங்கச்சி கொட்டகைல இருந்து அன்னிக்குத்தான் வந்துட்டுப் போனா. நீ ராத்திரி முழுக்க அழுதே. நான் என்னத்தைச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதை அவர்மேல் எறிய முடியவில்லை. இந்த மனுஷர் உடைந்த துண்டுகளை யாருக்கும் தெரியாமல் பொறுக்கி, புதுத் துண்டு வெட்டி, அதே மாதிரி சிமெண்ட் பூசி, மகளின் கட்டிலைத் தள்ளிப் போட்டு, அந்தச் சுவருக்கு அருகில் தான் மட்டும் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நினைத்துப் பார்த்தால் மழை தொடங்கியதிலிருந்து அவர் அங்கேதான் படுக்கிறார். முதுகுவலி, தரைதான் சுகம் என்று சொல்லியிருந்தார்.

"நம்ம வீட்டுது மட்டும்தானா?"

அவர் மேஜையிலிருந்த கண்ணாடி வெட்டுகிற கோலை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். "கடைக்கு வர்றவங்க விஷயத்தை நான் வீட்ல பேசறதில்ல, உனக்கே தெரியும்."

"நான் ஒண்ணுதான் கேட்டேன்."

"கேக்காதே," என்றார். "கேட்டா நீ சும்மா இருக்க மாட்டே. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தம்மா வந்துடுவாங்க."

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நடுவயதுக்காரி, தலையில் பாதி நரை, காலில் நடக்கத் தோதான செருப்பு. நகராட்சித் தலைவர் மாலையும் ஆட்களுமாக வரவேற்கத் தயாராக இருந்தார். அதிகாரி மாலையை வாங்கிப் பக்கத்து மதில்மேல் வைத்துவிட்டு, "முதல்ல வீடுகளைப் பாத்துடலாம்" என்றார். பி பிளாக்காரர்களுக்கு அதைப் பார்த்தே பாதி நெஞ்சு நிறைந்துவிட்டது.

தலைவரும் இன்ஜினியரும் கூடவே படியேறப் போனார்கள். பாயிண்ட் மாமா வழியை மறித்துக்கொண்டார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தப் பேச்சையும் "ஒரு பாயிண்ட்" என்றுதான் தொடங்குவார், அதனால் வந்த பேர். "ஒரு பாயிண்ட், மேடம். நகராட்சி ஆளுங்க எங்க வீட்டுக்குள்ள வந்தா எங்க ஜனங்களுக்கு வாய் வராது. நீங்களும் எங்க செகரட்டரியும் மட்டும் போங்க." அதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார். இன்ஜினியர் முற்றத்திலேயே நின்றுகொண்டார். காலி உத்தரவு வந்த நாளிலிருந்து அவரை யாரும் உள்ளே விட்டதில்லை. அவர் வைத்த கண்ணாடியை அவரே பார்த்து மாதக்கணக்காகிறது.

முதலில் நர்ஸம்மா வீடு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், மருமகளுக்குப் பேறுகாலம் முடிந்து வீட்டில் கைக்குழந்தை. பின்னறைக்குப் போனார்கள். கண்ணாடி முழுசாக இருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார். செகரட்டரியின் கண் கண்ணாடியில் இல்லை. தொட்டில் எங்கே என்று தேடியது. பின்னறையில் தொட்டில் மாட்டுகிற கொக்கி இருந்தது. தொட்டில் இல்லை. அது சமையலறையில், அடுப்புக்கு நேர் மேலே இல்லாத குறையாக, புகைக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நர்ஸம்மா வீட்டில் பச்சைக் குழந்தை புகையில் தூங்கியது.

நர்ஸம்மா அவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அடுத்த வீட்டில் இரண்டு கட்டிலையும் கூடத்தில் கதவோரமாகப் போட்டு, ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய முடிந்தது. பின்னறையில் துணி மூட்டையும் பழைய சைக்கிளும் மட்டும். அதற்கு மேல்வீட்டில் பின்னறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவியைத் தேடி எடுத்துத் திறந்தால் பூட்டிக் கிடந்த வாடை, சுவரில் பளபளவென்று கண்ணாடி. பாயிண்ட் மாமா வீட்டில் அவருடைய பிரசித்தி பெற்ற தேக்குக் கட்டில், நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது என்று அவர் பெருமையடிக்கிற கட்டில், முன்வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு கிடந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் கண்ணாடி முழுசாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் மனிதர்கள் அந்தச் சுவரை விட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப் படுத்திருந்தார்கள். படியிறங்கும்போது செகரட்டரி யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாளும் மற்ற வீடுகளுக்குப் போனால் கூடத்திலேயே உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறாள். யாரும் யாரையும் பின்னறைக்குக் கூப்பிட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கேட் பக்கம் கொட்டகைக்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். தங்கையும் நின்றாள்.

அதிகாரி தலைவரைப் பார்த்துக் கேட்டார். "உங்க ஆளு வெச்ச கண்ணாடி ஒண்ணுகூட உடையலை. அப்புறம் எதை வெச்சு இவங்களைக் காலி பண்ணச் சொன்னீங்க?"

"பழைய கட்டடம், மேடம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பழி எங்க தலைமேல விழும்."

"பழைய கட்டடமெல்லாம் காலி பண்ணணும்னா உங்க நகராட்சி ஆபீஸைத்தான் முதல்ல காலி பண்ணணும்" என்றார் அதிகாரி. கூட்டம் சிரித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பி பிளாக் வாய்விட்டுச் சிரித்தது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் செகரட்டரியின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "ஒண்ணுகூடவா உடையலை?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. "மழை பெய்யறப்பல்லாம் எனக்குத் தூக்கம் வரலைங்க. ஒருவேளை என் கணக்குதான் தப்போ என்னவோ. தப்பா இருந்தா நல்லதுதான்."

அந்த ஒரு வார்த்தை அவளைக் கவிழ்த்துவிட்டது. தப்பாக இருந்தால் நல்லது என்று சொல்கிற ஆளிடம் எப்படிப் பொய்யைச் சாதிப்பது? எதிரே தலைவர் நிற்கிறார். உண்மையைச் சொன்னால் அவர் மடியில் பழம் விழுந்த மாதிரி. கேட் பக்கம் தங்கை நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் இத்தனை பேரும் அவளுக்குப் பக்கத்துக் கொட்டகைக்குப் போவார்கள். சொல்லாவிட்டால் சமையலறைப் புகையில் ஒரு குழந்தை, சுவரோரத் தரையில் அவள் புருஷன். போட்ட சபதம் அப்படியே நெஞ்சில் கல்லாக நின்றது.

"மேடம்," என்றாள். "இன்னொரு தடவை மேல வர்றீங்களா?"

"ஏம்மா? எல்லாம்தான் பாத்தாச்சே."

"கண்ணாடியைப் பாத்தீங்க. கட்டிலைப் பாக்கலை."

முற்றத்தில் சிரிப்பு நின்றது.

"எந்த வீட்லயும் அந்தச் சுவத்துக்கிட்ட யாரும் படுக்கறதில்ல. எங்க வீட்லயும் புள்ளை கட்டிலைத் தள்ளிப் போட்டாச்சு. கண்ணாடி உடையலைன்னா நாங்க எதுக்கு மேடம் கட்டிலை இழுத்துப் போட்டுக்கிட்டுக் கிடக்கோம்? எங்க வீட்டுக் கண்ணாடி மழையிலேயே உடைஞ்சாச்சு. இப்ப இருக்கறது எங்க வீட்டுக்காரர் கடைக் கண்ணாடி."

பாயிண்ட் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யார் சொல்லச் சொன்னா உன்னை?" என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து இன்னும் இரண்டு மூன்று வசவுகள் வந்தன. விலைக்குப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். கண்ணாடிக்காரர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை பேர் கண்ணும் அவர்மேல் திரும்பியது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நடந்து வந்து பெண்டாட்டியின் பக்கத்தில் நின்றார்.

நர்ஸம்மா, "எங்க வீட்டுதும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அவளுடைய மேல்வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உங்க வீட்டுதுமா? கீழ உங்க கண்ணாடி நல்லா இருக்குங்கற தைரியத்துலதானே நான் இங்க இருக்கேன்?"

"நான் உங்க கண்ணாடியை நம்பித்தான் இருந்தேன்," என்றாள் அவள்.

ஒவ்வொரு வீடாக வந்தது. எங்களுதும், எங்களுதும். ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும்தான் உடைந்தது, மற்ற வீட்டுக் கண்ணாடிகள் தாங்குகின்றன, அதனால் கட்டடம் தாங்கும் என்று நம்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தனித்தனியாகக் கடைக்கு வந்து, யாருக்கும் சொல்லாதீங்க என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் கண்ணாடி எப்படி இருக்கு என்று அத்தனை அக்கறையாக விசாரித்ததும் அதற்குத்தான். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது வெட்கத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு நாள் தலைக்கு மேல் நின்றது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் பாயிண்ட் மாமா மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒரு பாயிண்ட்," என்றார். "எங்க வீட்ல ரெண்டு தடவை."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மேடம்? நாங்க தலைபாடா அடிச்சிக்கிட்டோம். இவங்க நல்லதுக்குச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. ஒரே வருஷம், நானே சாவியை..."

"நீங்க கொஞ்சம் இருங்க," என்றாள் செகரட்டரி. அவள் குரல் உயரவில்லை. "நாங்க பொய் சொன்னோம், மேடம். எங்க புள்ளைங்க தலைமேலயே பொய் சொன்னோம். எதுக்காகச் சொன்னோம்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதோ கேட் பக்கத்துல நிக்கறாளே, என் தங்கச்சி, அவகிட்ட கேளுங்க."

அதிகாரி கேட்டை நோக்கி நடந்தார். தங்கை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் எப்போதுமே அதிகம் பேசமாட்டாள், புருஷன் போன பிறகு அதுவும் போயிற்று.

"நீங்க எந்த வீடும்மா?"

"ஏ பிளாக்."

"ஏ பிளாக் எங்க இருக்கு?"

தங்கை கையை நீட்டினாள். "அந்தக் கடைசி லாரி நிக்குது பாருங்க மேடம். அதுதான் எங்க அடுப்படி."

அதிகாரி அந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே காக்கை உட்கார்ந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. தலைவர் ஏதோ சொல்ல வந்தார், அதிகாரி கையைக் காட்டினார், நிறுத்திக்கொண்டார்.

"எங்க சுவரு நகருதா இல்லையான்னு பாக்கறதுக்குக் கண்ணாடி வெச்சீங்க," என்றாள் செகரட்டரி பின்னாலிருந்து. "இவங்க சொன்ன சொல்லு நகருதா இல்லையான்னு பாக்க என்ன கண்ணாடி வெச்சீங்க, மேடம்?"

அதிகாரி லாரியிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பார், அதற்கென்று பழகின வாக்கியங்கள் இருக்கின்றன. லாரிக்கு முன்னால் நின்றுகொண்டு அவற்றைச் சொல்ல வாய் கூசியிருக்க வேண்டும்.

"ஒண்ணும் வெக்கலை," என்றார். "வெச்சிருக்கணும்."

பிறகு இன்ஜினியரைக் கூப்பிட்டு மேலே போகச் சொன்னார். நர்ஸம்மா வீட்டுப் பின்னறையில் அவர் கண்ணாடியை எடுத்துவிட்டு, விரிசலை மறைத்துப் பூசியிருந்த மேல்பூச்சைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பூச்சு அப்பளமாக உதிர்ந்தது. விரிசலுக்குள் அவர் விரலை விட்டார். விரல் போதவில்லை, மணிக்கட்டுவரை போயிற்று. அதைப் பார்த்த நர்ஸம்மாவின் மருமகள் சமையலறைக்கு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே இறங்கிவிட்டாள்.

காலி உத்தரவு செல்லும், காலி பண்ணித்தான் ஆகணும் என்று அதிகாரி முற்றத்தில் வைத்துச் சொன்னார். செகரட்டரி கேட்டுக்கொண்டாள். ஆனால் கொட்டகைக்கு ஒருத்தரும் போகவேண்டியதில்லை. நகராட்சி தன் ஊழியர்களுக்குக் கட்டி, தலைவர் திறப்பு விழாவுக்கு நாள் பார்த்துக்கொண்டு, பூட்டியே வைத்திருந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. அதில் பி பிளாக்கும் ஏ பிளாக்கும் இன்றைக்கே குடிபோகட்டும் என்றார். இரண்டு பிளாக்கின் இடத்திலும் வீடு எழும்பும்வரை அந்த மண்ணை நகராட்சி யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ முடியாது, அது அரசாங்கத்தின் பிடியில் இருக்கும் என்றார். தலைவர் முகம் சுருங்கியது. லாரிகளை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். உங்க வீட்டு வாசல்ல நிறுத்துங்க என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் சொல்லிட்டுப் போயிடுவீங்க," என்றாள் செகரட்டரி. "பாக்கறது யாரு?"

"நான்தான். மாசம் பொறந்தா முதல் திங்கட்கிழமை வருவேன்."

"வரலைன்னா?"

அதிகாரி அவளை நேராகப் பார்த்தார். "மாத்திடுவாங்க, உடம்பு முடியாமப் போகும், என்ன வேணா நடக்கும். நான் வரலைன்னா நீங்க வாயை மூடிட்டு இருக்காதீங்க. இதுதான் நான் சொல்ல முடியும்."

சாயங்காலத்துக்குள் பி பிளாக் காலியாயிற்று. பாயிண்ட் மாமாவின் தேக்குக் கட்டிலைத் தூக்க நாலு பேர் போதவில்லை, அந்தப் பெருமையிலாவது பொய் இல்லை. அவர் செகரட்டரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னும் பல பேர் பேசவில்லை. சொந்த வாயால் ஒப்புக்கொண்ட உண்மைக்கும் முதலில் சொன்னவள்மேல்தான் கோபம் வருகிறது. அவள் அதைத் தாங்கிக்கொண்டாள். கடைசியாகப் பின்னறைக்குப் போய், மீசையில்லாத கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

புது இடத்தில் சுவர்கள் நன்றாக இருந்தன. தங்கை இரண்டு வீடு தள்ளி இருந்தாள். முதல் மாதம் அதிகாரி வந்தார். பழைய இடத்தைப் போய்ப் பார்த்து, லாரிகளை எடுத்துவிட்டார்களா என்று பார்த்து, வீடு வீடாக உட்கார்ந்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். அதற்குள் ஜனங்கள் அவருக்கே கண்ணாடி என்று பேர் வைத்துவிட்டார்கள். மாதம் பிறந்தால் படிக்கட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம், "கண்ணாடி வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். லாரி நின்ற இடத்தில் அஸ்திவாரத்துக்கு மண் தோண்டினார்கள். பாயிண்ட் மாமா தினம் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, செகரட்டரி வீட்டு வாசலில் நின்று, யாரிடமோ சொல்கிற மாதிரி ஆழத்தைச் சொல்லிவிட்டுப் போவார்.

மழை திரும்ப வந்த மாதம், முதல் திங்கட்கிழமை கண்ணாடி வரவில்லை.

மழைதானே காரணம், நாளைக்கு வருவாங்க என்றார்கள். மறுநாளும் வரவில்லை. இன்ஜினியர் குடை பிடித்துக்கொண்டு வந்து, அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், பதிலுக்கு இன்னும் யாரையும் போடவில்லை என்று சொன்னார். பள்ளம் தோண்டுகிற ஆட்கள் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை என்றும் சொன்னார். செய்தி கேட்டு எல்லோரும் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். பிறகு நர்ஸம்மா, இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம், கொட்டகையில் இருந்து வந்தவர்கள் பயந்துபோவார்கள் என்றாள். நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் அவளுடைய பழைய மேல்வீட்டுக்காரர். புது ஆள் வரத்தான் போகிறார் என்றார் இன்னொருவர். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. செகரட்டரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இந்த முகங்களை அவளுக்குத் தெரியும். கண்ணாடி எப்படி இருக்கு, அதுபாட்டுக்கு இருக்கு என்று சொன்ன முகங்கள்.

அவள் எதுவும் சொல்வதற்கு முன், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தங்கை உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, கிளம்பு" என்றாள்.

பாயிண்ட் மாமா குடையை விரித்தார். "ஒரு பாயிண்ட். எல்லாரும் போனாத்தான் கதவு திறக்கும்."

அரசாங்க ஆபீஸின் வராந்தா ஈரமாகிவிட்டது. இத்தனை பேர் நனைந்துகொண்டு வந்து நிற்பதைப் பார்த்த வாசல் காவலர் நாற்காலியை விட்டு எழுந்து, யாரைப் பார்க்க வேண்டும், என்ன விஷயம் என்று கேட்டார். வழக்கம்போல் எல்லோரும் செகரட்டரியைத்தான் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்குமுன் தங்கை முன்னால் வந்தாள்.

"யாரு இருக்காங்களோ அவங்களைப் பாக்கணும்," என்றாள். "எங்க கண்ணாடி உடைஞ்சிருச்சு. உடைஞ்ச அன்னிக்கே சொல்லிட்டுப் போக வந்திருக்கோம்."